கொழும்புச் சோப்பும் குற்றாலத்து மஞ்சளும்

முகத்தை அழகாக்க வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்த நாளிலிருந்து அந்த முகத்துக்குக் கெட்ட காலம். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் சொந்த முகத்தைச் செலவழித்துத் தெரிந்துகொண்டேன்.

நடந்தது வெகுதானிய வருஷம், ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. இங்கிலீஷ் கணக்கில் 1938. என் நாத்தனார் செண்பகம் இந்தக் கதையை எங்கே சொன்னாலும் ‘ஆடி முதல் வெள்ளி’ என்றுதான் ஆரம்பிப்பாள். தவறு. ஆடி வெள்ளியாக இருந்தால் என் மாமியார் மாவிளக்கு ஏற்றாமல் எங்களை வாசல் தாண்ட விட்டிருக்கவே மாட்டார். (கதை என்னுடையது, முகமும் என்னுடையது. தேதியையாவது நான் சொல்லக் கூடாதா?)

என் கணவர் அப்போது கொழும்பில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி, தென்காசியில் அந்த ஆண்டுச் சாரல் முடிவதற்கு முன்பே கப்பலேறிப் போனவர். மூன்று வருஷம் ஆகிவிட்டது. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். மோருக்கு உப்புப் போட்டுக்கொள்ள மாட்டார். செருப்பை ஜோடியாகச் சேர்த்துத்தான் கழற்றி வைப்பார். யாராவது வேடிக்கையாக ஏதாவது சொன்னால் உடனே சிரிக்க மாட்டார். எல்லாரும் சிரித்து ஓய்ந்து அடுத்த பேச்சுக்குப் போன பிறகு, அவர் மட்டும் திடீரென்று சிரிப்பார். இவ்வளவையும் வைத்துக்கொண்டு மூன்று வருஷத்தை ஓட்டினேன்.

கூட ஒரு சோப்பும் இருந்தது.

போன முதல் வருஷமே, ஊருக்கு வந்த ஒருவர் கையில் அவர் எனக்கென்று கொடுத்தனுப்பியது. ரோஸ் நிறக் காகிதம் சுற்றிய சீமைச் சோப்பு. அதை நான் போட்டுக் குளிக்கவில்லை. டிரங்குப் பெட்டியில் கூறைப் புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். அது எந்தப் பூவின் மணம் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. மல்லிகை இல்லை, தாழம்பூ இல்லை, செண்பகமும் இல்லை. தென்காசியில் பூக்காத ஏதோ ஒன்று. மத்தியானம் வீடு அடங்கியதும் பெட்டியைத் திறந்து, புடவை மடிப்பைச் சரி செய்கிற சாக்கில் குனிந்து ஒரு மூச்சு இழுத்துக்கொள்வேன். மூன்று வருஷத்தில் எங்கள் வீட்டில் அந்தக் கூறைப் புடவையைப் போல மடிப்புக் கலையாத துணி வேறு கிடையாது.

அந்த வைகாசியில் கொழும்பிலிருந்து வந்த ஊர்க்காரர் ஒருவர் எங்கள் வீட்டில் காப்பி குடித்தபடியே அத்தையிடம் (நான் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்) சேதி சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“ஆச்சி, உங்க மவன் ஆனிக் கடைசில வாரான். லீவு கொஞ்சந்தான்.”

“பொண்டாட்டியை இந்தத் தடவையாவது கூட்டிட்டுப் போவானாமா?”

“அவன் மனசுல என்ன இருக்கோ, யாரு கண்டா? ஆனா ஆச்சி, அங்கன உள்ள பொம்பளைய எல்லாம் உரிச்ச முட்டை கணக்கா இருக்காவ. கடல் காத்து அப்படி.”

எனக்கு அதற்கப்புறம் ஒன்றும் காதில் விழவில்லை. நேரே போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். மூன்று வருஷம் அடுப்புப் புகையிலும் மச்சு வெயிலிலும் வதங்கிய ஒரு முகம் என்னைப் பார்த்தது. உரித்த முட்டைக்கும் அதற்கும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போவதும் போகாததும் இந்த முகத்தில்தான் இருக்கிறது என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். (அவரை ஒரு வார்த்தை கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று தோன்றவில்லை. படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தோன்றாது.)

என் அப்பா ஆய்க்குடியில் வாத்தியார். என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் பழத்தோடு பழைய மாதப் பத்திரிகைகளையும் கட்டாகக் கட்டி எடுத்துவருவார். அந்தக் கட்டுகளைக் கிளறியபோது, ஒரு டாக்டர் எழுதிய கட்டுரை அகப்பட்டது. இயற்கையாகவே தோல் நன்றாக இருப்பதற்கு அன்றாடம் கைக்கொள்ள வேண்டிய பழக்கங்கள். மருந்து வேண்டாம், பூச்சு வேண்டாம், பழக்கம் போதும் என்று தொடங்கியது. எனக்காகவே எழுதியது போல இருந்தது. மறுநாளே ஆரம்பித்தேன்.

‘சீக்கிரம் உறங்குக’ என்றிருந்தது. விளக்கு வைத்துச் சாப்பிட்டதும் பாயை விரித்தேன்.

“ஏட்டி கோமதி, மாடே இன்னும் அசை போட்டு முடிக்கல. அதுக்குள்ள படுத்துட்டியே, மேலுக்குச் சொகமில்லையா?” என்றார் அத்தை.

‘நிறையத் தண்ணீர் குடிக்க’ என்றிருந்தது. குடித்தேன். கிணற்றடியிலேயே நின்று வாளியோடு குடித்தேன். ‘காலை இளங்காற்றில் உலாவுக’ என்றிருந்தது. எங்கள் தெருவில் குடும்பப் பெண் காரணமில்லாமல் உலாவ முடியாது. அதனால் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலின் நாலு ரத வீதியையும் சுற்றி வந்தேன். தண்ணீர் எடுக்கப் போனவள் வெறுங்குடத்தோடு திரும்பி வருவதைத் தெருவே கவனித்தது. புளியும் மிளகாயும் குறைக்கச் சொன்னார்கள். குழம்பை ஒதுக்கி மோரும் கீரையுமாகச் சாப்பிட்டேன். வெயில் படக் கூடாது என்றார்கள்; மச்சில் வத்தல் காயப்போடும்போது அரிசி புடைக்கிற சுளகைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன்.

“எம்மா, பயந்தே போனேன்! சுளகுக்குக் காலு மொளச்சு நடக்குதோன்னு பாத்தேன்” என்றாள் செண்பகம். அவளுக்கு அப்போது நாக்கைத் தவிர வேறெதுவும் முழுதாக வளர்ந்திருக்கவில்லை.

‘தினமும் மனம்விட்டுச் சிரிக்க வேண்டும், முகத்துக்கு ரத்தம் பாயும்’ என்பது இன்னொரு பழக்கம். சிரிப்பதற்கு எங்கள் வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. இருந்தாலும் கடமையை விடக் கூடாதென்று அடுப்படியில் தனியாக நின்று உரக்கச் சிரித்தேன். அத்தை திருநீற்று மடலோடு ஓடிவந்து என் நெற்றியில் அப்பிவிட்டு, “ஒத்தையில ஆத்துப் பக்கம் போனியாட்டி? உண்மையைச் சொல்லு” என்று கேட்டார். அன்றோடு சிரிப்பை நிறுத்திவிட்டேன்.

கடைசிப் பழக்கம், ‘கவலையை அறவே விடுக.’ அந்த டாக்டருக்குக் கொழும்பில் யாரும் இல்லை போலிருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பழக்கங்கள் பலித்தன. தூக்கமும் தண்ணீரும் கீரையும், நான் பிறந்ததிலிருந்து செய்துவந்த எண்ணெய்க் குளியலும் பயத்தமாவும் சேர்ந்து, ஆனி முடிவதற்குள் முகம் தெளிந்துவிட்டது. “மைனி, கன்னம் பளபளன்னு இருக்கே!” என்று செண்பகமே சொன்னாள். அத்தோடு விட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

அவர் சனிக்கிழமை காலை ரயிலில் வருவதாகச் சேதி. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்து அருவியும் கொட்டிக்கொண்டிருந்தது. அத்தை வில்வண்டி பேசினார். புறப்படுமுன் நான் மறுநாள் ஆரத்திக்கு வேண்டியதை எல்லாம் தாம்பாளத்தில் எடுத்து வைத்தேன்: மஞ்சள், சுண்ணாம்பு. (இதை வாசகர்கள் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.) பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து சோப்பை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். அவர் வரும்போது அந்த மணம் என்மேல் இருக்க வேண்டும். மூன்று வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான்.

அருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். அரைத்துக் கொண்டுபோன மஞ்சளை நான் வழக்கத்தைவிடக் கனமாக, முகம் கழுத்தெல்லாம் அப்பினேன். அது ஊறட்டும் என்று பாறையோரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சோப்பைப் பிரித்தேன். காகிதம் பொடிந்து உதிர்ந்தது. சோப்பு வறண்டு, குளத்துமண் போல வெடித்திருந்தது. மணம் மட்டும் அப்படியே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அந்த மஞ்சளின் மேலேயே தேய்த்தேன். அவசரமில்லாமல், அனுபவித்துத் தேய்த்தேன்.

பயத்தமாவு போட்டுக் குளித்தே வளர்ந்தவள் நான். மஞ்சள் பூசிய முகத்தில் சோப்புப் போட்டால் என்ன ஆகும் என்று பார்த்ததே இல்லை. சோப்பில் காரம் இருக்கிறது. மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும். ஆரத்திக்குச் சுண்ணாம்பு கலப்பது அதற்காகத்தான். அதைக் காலையில்தான் என் கையாலேயே எடுத்து வைத்துவிட்டு வந்திருந்தேன்.

“எம்மா! மைனி மூஞ்சியெல்லாம் ரெத்தம்!” என்று அலறினாள் செண்பகம்.

கண்ணைத் திறந்தேன். கைகள் சிவப்பு. மார்பு வரை சிவப்பு வழிந்துகொண்டிருந்தது. சோப்புப் போட்டால் அழுக்குப் போகும் என்பது மட்டும் தெரிந்ததால், இன்னும் சோப்பைப் போட்டேன். இன்னும் சிவந்தது. கால்மாட்டிலிருந்த மணலை அள்ளித் தேய்த்தேன். அதற்குள் அருவி இரைச்சலில் சேதி கைமாறிக் கைமாறிப் போய்விட்டது.

“யாரோ ஒரு பொம்பள வழுக்கி விழுந்துட்டாளாம்!”

“மண்டை பொளந்துட்டாம்!”

“உசுரு இருக்கா?”

“எங்கன இருக்கு, அதான் முடிஞ்சு போச்சே!”

நான் முடிந்துபோன அந்த நேரத்தில்தான் என் கணவர் குதிரை வண்டியிலிருந்து இறங்கினார்.

ஒரு நாள் முந்தைய கப்பலில் இடம் கிடைத்திருக்கிறது. ரயிலிறங்கி வீட்டுக்குப் போயிருக்கிறார். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி, எல்லாரும் அருவிக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்ல, வந்த கோட்டும் தொப்பியுமாக நேரே வந்துவிட்டார். அடிபட்டவளைத் தூக்க ஓடிய ஆண்களோடு சேர்ந்து அவரும் ஓடிவந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பார்த்தால், பாறையில் ரத்தம் வழிய உட்கார்ந்திருப்பது அவர் பெண்டாட்டி.

அந்த முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. (எங்கள் இருவர் முகத்தையும் சேர்த்தாலே ஆரத்திக்குப் போதும்.) மூன்று வருஷம் கழித்து அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, “எங்கன அடி?”

“அடி இல்ல. சோப்பு.”

“என்னது?”

“சோப்பு! நீங்க அனுப்புன சோப்பு!” என்று அருவிக்கு மேலே கத்தினேன். குற்றாலம் முழுவதும் அதைக் கேட்டது.

“அது தீந்து போயிருக்குமே?”

“தீரல. வச்சிருந்தேன்.”

அவர் என் கையிலிருந்த வெடித்த துண்டைப் பார்த்தார். செண்பகத்துக்கோ பயம் தெளிந்துவிட்டது.

“அண்ணே, வாங்க! ஆரத்தித் தட்டை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டோம். அதான் மைனி மூஞ்சியிலேயே கரைச்சுட்டாவ!”

சுற்றியிருந்தவர்கள் எல்லாம் பாறையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். செத்துப்போனவளுக்காகப் பதறி ஓடிவந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு மானம் போனதைவிட அது பயமாக இருந்தது.

நான் அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். காரத்துக்கு மாற்று புளிப்பு என்று எங்கோ படித்தது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. பக்கத்திலிருந்த அம்மாள் தலைக்குத் தேய்க்க வைத்திருந்த எலுமிச்சம்பழத்தைக் கேட்டு வாங்கி முகத்தில் பிழிந்து தேய்த்தேன். படித்தது சரிதான். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியது. ஆனால் மணல் போட்டு உரசிய தோலில் எலுமிச்சைச் சாறு பட்டால் என்ன ஆகும் என்று அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை. நான் போட்ட கூச்சலில், முன்பு ஓடிவந்த ஆண்கள் திரும்பவும் ஒரு தடவை ஓடிவந்தார்கள்.

வண்டியில் திரும்பும்போது என் முகம் வீங்கிக் கண் இரண்டும் கீறலாகிவிட்டன. ஈரத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தென்னந்தோப்புகளைத் தாண்டி, வண்டிக்குள் எல்லாரும் வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். தொப்பி மடியிலிருந்து விழச் சிரித்தார். துண்டுக்குள் நானும் சிரித்தேன். வலித்தது. அந்த நேரத்தில்தான் வாசனை பிடித்தது. என்மேல் எலுமிச்சை மணம்தான். தென்காசியில் பூக்காத அந்தப் பூ அவர்மேல் மணத்தது.

வீடு வந்து, அத்தை உள்ளே போனதும் கேட்டேன். “நீங்களும் அதே சோப்புத்தானா?”

“ஆமா. ரெண்டு பேருக்கும் ஒரே வாசனையா இருக்கட்டும்னுதான் அனுப்புனேன்.”

“என்னைக் கூட்டிட்டுப் போவியளா?”

“அதுக்குத்தானே வந்திருக்கேன்” என்றார், இது என்ன கேள்வி என்பது போல. “வீடு பாத்தாச்சு. ஜன்னலைத் திறந்தா கடலு. உனக்கு ஒரு அம்மிகூட வாங்கிப் போட்டுட்டேன்.”

அடுப்படியில் எனக்காக அம்மி வாங்கிப் போட்டுவிட்டு வந்த மனிதருக்காக நான் சுளகைக் கவிழ்த்துக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

மறுநாள் முகத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். அதற்கு அடுத்த நாள் அவை பொருக்குத் தட்டின. எதிர்வீட்டம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய், கொஞ்ச நேரத்தில் ஒரு கொத்து வேப்பிலையோடு வந்து எங்கள் கதவு நிலையில் செருகினாள். தெருவில் யாரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. என்ன சொல்லியும் பலனில்லை. அது அம்மைதான் என்று ஊரே முடிவு செய்துவிட்டது.

ஊர் என்ன நினைத்தால் என்ன என்றிருந்திருக்கலாம். ஆனால் அந்த நாளில் கொழும்புக்குக் கப்பலேறுகிறவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி டாக்டர் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அம்மை மாதிரி எது கண்ணில் பட்டாலும் மேலே விட மாட்டார்கள்.

“இந்த மூஞ்சியோட மண்டபத்தைத் தாண்ட முடியாதுளா” என்றார் அவர். என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. தினமும் காலையில் கதவோரம் என்னை வெளிச்சத்துக்குத் திருப்பி, பொருக்கு உதிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். உதிரவில்லை. லீவு முடிகிற நாள்வரை பார்த்தார். ஆடி பிறந்த வாரத்தில் தனியாகப் புறப்பட்டார்.

“ஐப்பசியில வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றார். வெடித்திருந்த சோப்பை வெடிப்போடு இரண்டாக உடைத்து, ஒரு பாதியைத் தன் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். மச்சில் ஏறி நின்று பார்த்தேன். ரயில் கடையநல்லூர்ப் பக்கம் போய் மறைகிறவரை புகை தெரிந்தது. சுளகைக் கவிழ்த்துக்கொள்ளவில்லை. வெயில் நன்றாகப் படட்டும் என்று நின்றேன்.

அடுத்த வாரமே பொருக்கு முழுதும் உதிர்ந்து, உள்ளேயிருந்து புதுத்தோல் வந்தது. பூப்போல, ஒரு மறு இல்லாமல் வந்தது. உரித்த முட்டையேதான். பார்ப்பதற்கு அத்தையும் செண்பகமும் இருந்தார்கள்.

ஐப்பசியில் கடை முதலாளி படுத்துவிட்டதால் லீவு கிடைக்கவில்லை. மறு வருஷம் யுத்தம் வந்தது. இப்போது வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்று மூன்று சாரல் போயிற்று. நான் அந்தப் பழக்கங்களை விடவில்லை. சீக்கிரம் படுத்தேன், தண்ணீர் குடித்தேன், வெறுங்குடத்தோடு ரத வீதியைச் சுற்றினேன். யாரும் பார்க்காத ஒரு முகத்தைப் பத்திரமாக வைத்திருப்பதும், போட்டுக் குளிக்காத சோப்பைப் பெட்டியில் வைத்திருப்பதும் ஒன்றுதான். அதில் எனக்கு ஏற்கெனவே பழக்கம் இருந்தது.

கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு, சித்திரபானு வருஷம் சித்திரை மாதத்தில், அடித்துப் பிடித்துக் கப்பலேறியவர்களோடு அவரும் வந்து சேர்ந்தார். கோட்டு இல்லை, தொப்பி இல்லை, பெட்டி இல்லை. தோளில் ஒரு துண்டு மூட்டை மட்டும் தொங்கியது. அவிழ்த்தால் அம்மிக் குழவி!

“எல்லாரும் நகையையும் பணத்தையும் தூக்கிட்டு ஓடுதான், இவன் கல்லைத் தூக்கிட்டு வந்திருக்கானே!” என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார்.

“அம்மியைத் தூக்க முடியலம்மா” என்றார் அவர்.

கொழும்பை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அங்கே ஏதோ ஒரு வீட்டு அடுப்படியில், நான் ஒருநாளும் அரைக்காத அம்மி ஒன்று கிடக்கும்.

இன்றைக்கும் இந்த வயதில் என் தோலைப் பார்த்து, என்ன போடுகிறீர்கள் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தூக்கம், தண்ணீர், கீரை, எண்ணெய்க் குளியல், பயத்தமாவு என்று சொல்கிறேன். கவலையை விடுவது பற்றி மட்டும் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது. அதைச் செய்து பார்க்க வாய்க்கவில்லை.

எங்கள் வீட்டில் யார் ஊரிலிருந்து வந்தாலும், கல்யாணமாகி யார் படியேறினாலும், ஆரத்திக்கு மஞ்சள் அரைப்பது நான்தான். கொழும்புக் குழவியில்தான் அரைப்பேன். நான் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தவுடனே யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். போன தையில், அவர் இல்லாத வீட்டில் பேரன் மனைவியோடு வந்து இறங்கியபோதும், செண்பகம் நாற்காலியில் இருந்தபடியே குரல் கொடுத்தாள்.

“மைனி, எதுக்கு இந்தப் பாடு? மூஞ்சியைக் கழுவிட்டு வந்து வாசல்ல நில்லுங்க, போதும்!”

புதிதாக வந்த பெண்ணுக்கு ஆளுக்கொரு விதமாகக் கதையைச் சொன்னார்கள். ஆடி முதல் வெள்ளி என்றுதான் சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள், சிரித்து ஓய்ந்து, சாப்பாட்டுக்கு இலை போடுகிற பேச்சுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் குழவியில் கை வைத்தபடி காது கொடுத்துக் காத்திருந்தேன்.

அவர் எப்போதும் கடைசியில்தான் சிரிப்பார்.